கஜானா சாவி யாரிடம்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், நியூஜெர்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது பார்த்த பெட்ரோல் பங்க் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த மாநிலத்தில் நம் காருக்கு நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது, சட்டமே அப்படி. டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குள் போய்விட்டால் நாமே இறங்கிப் போட்டுக்கொள்ளலாம். வந்த கடிதங்களில் பெட்ரோலைப் பற்றி ஒன்றுமில்லை; எல்லாம் அமெரிக்க அரசமைப்பைப் பற்றி. நான் வணிகவரித் துறையில் ஓய்வு பெற்றவன். என்னிடம் கேட்டால் வரிக்காரன் பதில்தான் வரும். சரி, ஆரம்பிக்கலாம்.

*ஒரே நாட்டில் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு சட்டம், அந்தக் கரையில் ஒரு சட்டமா? மாநிலங்களுக்கு இவ்வளவு அதிகாரத்தை யார் கொடுத்தது?*
*– வாசகர், திண்டுக்கல்*

யாரும் கொடுக்கவில்லை. மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்ததே மாநிலங்கள்தான். 1776-இல் பிரிட்டனை விட்டு விலகியபோது 13 காலனிகளும் தனித்தனி அரசுகளாக நின்றன. தனிச் சட்டமன்றம், தனி கஜானா. அவை பிறகு கூடி, மத்திய அரசு என்று ஒன்றை உண்டாக்கி, அதற்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தன. அந்தப் பட்டியல் அரசமைப்பின் முதல் பிரிவு, எட்டாம் உட்பிரிவில் இருக்கிறது: வரி போடலாம், கடன் வாங்கலாம், நாணயம் அடிக்கலாம், தபால் நிலையம் வைக்கலாம், போர் தொடுக்கலாம், வெளிநாட்டு வணிகத்தையும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தையும் முறைப்படுத்தலாம், இப்படி. பட்டியலில் இல்லாததும், மாநிலங்களுக்கு மறுக்கப்படாததும் மாநிலங்களிடமோ மக்களிடமோ இருக்கும் என்று 1791-இல் வந்த பத்தாவது திருத்தம் சொல்கிறது. நம் அரசமைப்பில் இது தலைகீழ். பட்டியலில் விட்டுப்போனதெல்லாம் 248-ஆவது பிரிவுப்படி டெல்லிக்குப் போகும்.

அதனால் நியூஜெர்சி 1949-இல் அந்த பெட்ரோல் சட்டத்தைப் போட்டபோது வாஷிங்டனைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணப் பதிவு, டிரைவிங் லைசென்ஸ், கொலைக் குற்றத்துக்குத் தண்டனை, பள்ளிக்கூடம் எல்லாம் அப்படித்தான். பென்சில்வேனியாவில் ஒயினும் விஸ்கியும் விற்பது பெரும்பாலும் மாநில அரசின் சொந்தக் கடைகள். 1933-இல் மதுவிலக்கு நீங்கியதும் தொடங்கிய ஏற்பாடு. மருமகன் இதை அதிசயம் போலக் காட்டினார். டாஸ்மாக் பார்த்த கண்ணுக்கு அதில் என்ன அதிசயம்?

*அரசமைப்பு 1787-இல்தான் எழுதப்பட்டது என்றால், விடுதலைக்குப் பிறகு இடைப்பட்ட காலத்தை எப்படி ஓட்டினார்கள்?*
*– வாசகர், ஈரோடு*

கடன் சொல்லி ஓட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1781-இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகள் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. காங்கிரஸ் என்ற ஒரே அவை, மாநிலத்துக்கு ஓர் ஓட்டு. குடியரசுத் தலைவர் கிடையாது. நாட்டுக்கென்று தனி நீதித்துறையும் கிடையாது. அந்தக் காங்கிரசுக்குப் போர் தொடுக்க அதிகாரம் உண்டு, ஒரு காசு வரி போட அதிகாரம் இல்லை. செலவுக்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் 'உங்கள் பங்கு இவ்வளவு' என்று கடிதம் எழுத வேண்டும். மாநிலங்கள் கொடுத்தால் உண்டு. டிமாண்ட் நோட்டீசுக்குப் பின்னால் ஜப்தி அதிகாரம் இல்லை என்றால் அந்த நோட்டீசை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று எங்கள் துறையில் கடைநிலை ஊழியருக்கும் தெரியும். மாநிலங்கள் அதைத்தான் செய்தன. பிரான்சுக்குக் கடன், ஹாலந்துக்குக் கடன், போரில் சண்டையிட்ட சிப்பாய்க்குச் சம்பளப் பாக்கி.

இறக்குமதிச் சரக்குக்கு 5 சதவீதம் மட்டும் தீர்வை போட்டுக்கொள்கிறோம் என்று 1781-இல் காங்கிரஸ் கேட்டது. விதிகளைத் திருத்த 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். மற்றவை தலையாட்டின, இருப்பதிலேயே சின்னதான ரோட் ஐலண்ட் முடியாது என்றது. கதை முடிந்தது. 1783-இல் மறுபடி ஒரு திட்டம். இந்த முறை நியூயார்க் கெடுத்தது. துறைமுகத்தில் வரும் தீர்வை தன் கஜானாவுக்கே போய்க்கொண்டிருக்கும்போது அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

அப்புறம் வந்தது ஷேஸ் கலகம். மாசசூசெட்ஸ் அரசு போர்க்கடனை அடைக்கக் கடும் வரி போட்டது. அதையும் கையில் காசாகக் கேட்டது. மேற்குப் பகுதி விவசாயிகளிடம் காசு ஏது? நிலம் ஜப்திக்குப் போனது, ஆட்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களில் பலர் போரில் சண்டை போட்டுச் சம்பளம் வராதவர்கள். அரசாங்கம் தனக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை, தான் கொடுக்க வேண்டியதற்கு மட்டும் ஆள் அனுப்புகிறது. கோபம் வராமல் இருக்குமா? 1786 இலையுதிர் காலத்தில் நீதிமன்றங்களைக் கூடவிடாமல் தடுத்தார்கள். 1787 ஜனவரியில் டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் படைத் தலைவர் முன்னே நிற்க, ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கி நடந்தார்கள். மாநிலக் குடிப்படை பீரங்கியால் சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள். இந்தக் கலகத்தை அடக்க நாட்டின் காங்கிரசால் ஒரு படையைத் திரட்டி அனுப்ப முடியவில்லை, பணமில்லை. மாநிலம் அனுப்பிய படைக்கே பாஸ்டன் வியாபாரிகள்தான் கைக்காசு போட்டார்கள்.

அந்த மே மாதம் பிலடெல்பியாவில் கூட்டம் கூடியது. 12 மாநிலங்களிலிருந்து மொத்தம் 55 பேர் வந்து போனார்கள். ரோட் ஐலண்ட் ஆள் அனுப்பவே இல்லை. தலைமை நாற்காலியில் ஜார்ஜ் வாஷிங்டன். உள்ளே பேசுவது வெளியே போகக் கூடாது என்று விதி. வர்ஜீனியாக்காரரான ஜேம்ஸ் மேடிசன், அப்போது 36 வயது, முன் வரிசையில் உட்கார்ந்து தினமும் குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகள் அவர் இறந்து நான்கு வருடம் கழித்து 1840-இல்தான் அச்சேறின.

இதில் தணிக்கையாளர் கண்ணில் படும் ஒரு விஷயம் உண்டு. பழைய விதிகளைத் திருத்துவதற்கு மட்டும்தான் காங்கிரஸ் இந்தக் கூட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. வந்தவர்கள் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார்கள். திருத்தத்துக்கு 13 மாநிலங்களின் சம்மதமும் தேவை என்பது விதி. இவர்கள் 9 போதும் என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள். செப்டம்பர் 17 அன்று 39 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவையில் இருந்துகொண்டே மூன்று பேர் மறுத்துவிட்டார்கள். எட்டாம் உட்பிரிவுப் பட்டியலில் முதல் வரி என்ன தெரியுமா? வரி விதித்து வசூலிக்கும் அதிகாரம். ரோட் ஐலண்ட் 1790 மே வரை இழுத்தடித்தது. அதனுடன் வணிகத்தையே நிறுத்தும் மசோதாவைப் புதிய மேலவையான செனட் நிறைவேற்றிய பிறகு, 34-க்கு 32 என்ற கணக்கில் உள்ளே வந்தது.

*நம் மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம், சிக்கிமுக்கு 1. அங்கே செனட்டில் எல்லா மாநிலத்துக்கும் இரண்டாமே. இது நியாயமா?*
*– வாசகி, கோயம்புத்தூர்*

நியாயமில்லை. 2020 கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவில் 3.95 கோடிப் பேர், வயோமிங்கில் 5.77 லட்சம் பேர். இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு செனட்டர்.

அது நடந்த விதம் இது. பெரிய மாநிலங்கள் இரண்டு அவையிலும் ஜனத்தொகைப்படி இடம் வேண்டும் என்றன. சின்ன மாநிலங்கள் பழையபடி சமமாக வேண்டும் என்றன. டெலவேர் பிரதிநிதி பெட்ஃபோர்டு, எங்களை நசுக்கப் பார்த்தால் வெளிநாட்டு அரசு ஏதாவது எங்கள் கையைப் பிடிக்கும் என்று வாஷிங்டன் முகத்துக்கு எதிரேயே மிரட்டினார். ஒரு அவை அப்படி, ஒரு அவை இப்படி என்று கனெக்டிகட்காரர்கள் சொன்ன சமரசம் ஜூலை 16 அன்று 5-க்கு 4 என்று தேறியது. மாசசூசெட்ஸ் ஓட்டு இரண்டாகப் பிளந்து செல்லாமல் போனது. நியூயார்க் ஆட்கள் கோபித்துக்கொண்டு ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டார்கள். மேடிசன் கடைசி வரை இதை எதிர்த்தவர். ஒரு மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் செனட்டில் அதன் சம உரிமையைப் பறிக்கும் திருத்தம் கொண்டுவரக் கூடாது என்றும் எழுதிப் பூட்டிவிட்டார்கள். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடும் தேர்வாளர்கள் மாநிலத்துக்கு எத்தனை பேர் என்பதிலும் இந்த இரண்டு சேருகிறது. 2000-இல் மக்கள் ஓட்டில் பின்தங்கியவர் பதவிக்கு வந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

ஆனால் செனட்டை விட அசிங்கமான பேரம் ஒன்று அதே கூட்டத்தில் நடந்தது. கீழவைக்கு ஜனத்தொகைப்படி இடம் என்றால், அடிமைகளை எண்ணுவதா வேண்டாமா? ஐந்தில் மூன்று பங்கு என்று எண்ணினார்கள். இந்தக் கணக்கு 1787-இல் முளைத்ததல்ல, 1783-இல் மாநிலங்களுக்கு வரிப்பங்கு பிரிக்கும் யோசனையில் வந்தது. அப்போது தென் மாநிலங்கள், எங்கள் அடிமைகளைக் குறைத்து எண்ணுங்கள் என்றன, வரி குறையுமே! நாடாளுமன்ற இடம் என்று வந்ததும் அதே மாநிலங்கள், முழுதாக எண்ணுங்கள் என்றன. மனிதனை வரிக்கு ஒரு விதமாக, பதவிக்கு ஒரு விதமாக எண்ணச் சொன்னவர்கள் அந்த மனிதனுக்கு ஓட்டு கொடுக்கவே இல்லை. கடைசி ஆவணத்தில் அடிமை என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'மற்ற ஆட்கள்' என்கிற மாதிரி எழுதிச் சமாளித்தார்கள்.

*மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் சண்டை வந்தால் யார் தீர்ப்பது? முதல் பெரிய சண்டை எது?*
*– வாசகர், மன்னார்குடி*

தீர்ப்பது உச்ச நீதிமன்றம். நான் சொல்லப்போகும் வழக்கு 1819-இல் வந்த மெக்கல்லாக் எதிர் மேரிலாந்து. மத்திய அரசு தொடங்கிய இரண்டாவது வங்கிக்குப் பால்டிமோரில் ஒரு கிளை. மேரிலாந்து அரசு 1818-இல் ஒரு சட்டம் போட்டது: தன் அனுமதி பெறாத வங்கிகள், முத்திரைத் தாளில்தான் நோட்டு அச்சடிக்க வேண்டும், அல்லது வருடத்துக்கு 15,000 டாலர் மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். கிளைக் காசாளர் மெக்கல்லாக் கட்டவில்லை. முத்திரைத் தாள் இல்லாமல் நோட்டு வெளியிட்டார், வழக்கு வந்தது.

இரண்டு கேள்விகள். பட்டியலில் வங்கி என்ற சொல்லே இல்லையே, மத்திய அரசு எப்படி வங்கி வைத்தது? தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் பட்டியலின் கடைசி வரியைக் காட்டினார். மேலே சொன்ன அதிகாரங்களைச் செயல்படுத்தத் 'தேவையான, பொருத்தமான' சட்டங்களைப் போடலாம் என்று அங்கே இருக்கிறது. வரி வசூலிக்கவும் கடன் வாங்கவும் ஒரு வங்கி உதவும், ஆகவே செல்லும். இரண்டாவது, மாநிலம் அதன் மேல் வரி போடலாமா? கூடாது, வரி போடும் அதிகாரத்துக்குள் அழிக்கும் அதிகாரமும் அடங்கியிருக்கிறது என்றார். வரித்துறையில் வேலை பார்த்தவன் யாரும் அந்த வரியை மறுக்க மாட்டான். மத்திய அரசின் சொத்துக்கு மாநில வரி இல்லை என்று நம் அரசமைப்பின் 285-ஆவது பிரிவு சொல்வதும் இதே நியாயத்தில்தான்.

ஒரு கொசுறு: அந்தக் காசாளர், கூட்டாளிகளோடு சேர்ந்து வங்கிப் பணத்தைத் தன் பங்கு வியாபாரத்துக்குத் திருப்பியது வெளியே வந்து வேலையை இழந்தார். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அவர் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள்.

*மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு என்கிறீர்கள். ஆனால் மது வாங்க நாடு முழுவதும் 21 வயது என்கிறார்களே, எப்படி?*
*– கல்லூரி மாணவி, காரைக்குடி*

நல்ல கேள்வி. அந்த வயதை நேரடியாகச் சட்டமாக்காமல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1984-இல் வேறு வழி பிடித்தது. 21-க்குக் கீழே மது விற்க அனுமதிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதம் பிடிக்கப்படும். தெற்கு டக்கோட்டாவில் அப்போது 19 வயதுக்காரர் லேசான பீர் வாங்கலாம். அது வழக்குப் போட்டது. 1987-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று காங்கிரஸ் பக்கம் சாய்ந்தது: பணம் கொடுப்பவர் நிபந்தனை போடலாம், வேண்டாம் என்றால் மாநிலம் பணத்தை விட்டுவிடலாம். 1988-க்குள் எல்லா மாநிலமும் 21-க்கு வந்துவிட்டது. ரோட்டுப் பணத்தை யார் விடுவார்?

இதற்கும் எல்லை உண்டு. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தை விரிவாக்காத மாநிலங்களுக்கு அந்தத் திட்டத்தில் ஏற்கெனவே வரும் பணத்தையும் நிறுத்தலாம் என்றது. 2012-இல் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், இது தலையில் துப்பாக்கி வைப்பது என்று சொல்லி அந்த மிரட்டலை மட்டும் வெட்டினார். 5 சதவீதம் என்றால் ஆசை காட்டல், முழுப் பணம் என்றால் துப்பாக்கி. நடுவில் கோடு எங்கே என்று இன்னும் யாரும் எண் போட்டுச் சொல்லவில்லை.

*எல்லாவற்றையும் வரி, பணம் என்றே பார்க்கிறீர்கள். மக்களின் உரிமைகள் எங்கே போயின?*
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்*

ஐயா கேட்டது சரி. உரிமைச் சட்டம் என்று பெருமையாகச் சொல்லும் முதல் பத்துத் திருத்தங்கள் 1791-இல் வந்தன. ஆனால் அவை மத்திய அரசை மட்டும்தான் கட்டுப்படுத்தின. பால்டிமோரில் பாரன் என்பவரின் படகுத்துறையில், நகராட்சி ஓடைகளைத் திருப்பிவிட்டதால் மண் சேர்ந்து கப்பல் வர முடியாமல் போனது. சொத்தை எடுத்தால் ஈடு தர வேண்டும் என்ற ஐந்தாவது திருத்தத்தைக் காட்டி நஷ்டஈடு கேட்டார். 1833-இல் அதே மார்ஷல், அந்தத் திருத்தம் மாநிலங்களுக்குப் பொருந்தாது என்று அனுப்பிவிட்டார். ஒரு உள்நாட்டுப் போர் நடந்து, 1868-இல் பதினான்காவது திருத்தம் வந்த பிறகுதான், உரிய சட்டமுறை இல்லாமல் எந்த மாநிலமும் உயிரையோ விடுதலையையோ சொத்தையோ பறிக்கக் கூடாது என்று ஆனது. அதை வைத்து நீதிமன்றங்கள் பழைய உரிமைகளை ஒவ்வொன்றாக மாநிலங்கள் மேல் ஏற்ற இன்னும் நூறு வருடம் போல எடுத்தது.

'மாநில உரிமை' என்று அங்கே சொல்லும்போது கறுப்பின மக்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1957-இல் ஆர்கன்சா ஆளுநர் ஃபாபஸ், லிட்டில் ராக் நகரின் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையாமல் தடுக்க மாநிலப் படையை நிறுத்தினார். குடியரசுத் தலைவர் ஐசனோவர் அந்த மாநிலப் படையையே மத்திய அரசின் கீழ் எடுத்துக்கொண்டு, ராணுவத்தின் 101-ஆவது வான்வழிப் படைப் பிரிவின் வீரர்களை அனுப்பிப் பிள்ளைகளை உள்ளே அழைத்துப்போக வைத்தார். இங்கே என் கஜானாக் கணக்கு உதவாது.

இன்னொன்று, நமக்கும் தொடர்புடையது. நம் அரசமைப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அந்த 'உரிய சட்டமுறை' என்ற வாசகம் நீதிபதிகளுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுக்கும், வேண்டாம் என்பது அவர் சொன்ன யோசனை. நம் 21-ஆவது பிரிவில் அதற்குப் பதில் 'சட்டம் வகுத்த நடைமுறை' வந்தது. அதன் விளைவை முதலில் அனுபவித்தவர் சென்னை மாகாணச் சிறையில் விசாரணையின்றி வைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். 1950-இல் அவர் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதன்படி அடைத்திருக்கிறார்கள், அது போதும் என்றார்கள். அந்தக் கதவு 1978-இல் மேனகா காந்தி வழக்கில்தான் திறந்தது.

*இதுவரை எத்தனை திருத்தம்?*
*– வாசகர், செய்யாறு*

27. கடைசியாக ஏற்கப்பட்டது 1992-இல். ஆனால் அது முன்மொழியப்பட்டது 1789-இல். காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே மாற்றிக்கொண்டால், அடுத்த தேர்தல் முடிந்த பிறகே அது செல்லும் என்கிறது. ஒப்புதலுக்குக் கெடு வைக்காததால் தூங்கிக்கொண்டிருந்தது. 1982-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி 'சி' கிரேடு வாங்கினார். கோபத்தில் மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் எழுதி எழுதியே நிறைவேற வைத்தார். 2017-இல் பல்கலைக்கழகம் கிரேடை 'ஏ' என்று மாற்றிக் கொடுத்தது.

*என் மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். பக்கத்து டெலவேரில் விற்பனை வரியே இல்லையாம். அங்கே போய் லேப்டாப் வாங்கினால் லாபம்தானே?*
*– வாசகி, தஞ்சாவூர்*

வணிகவரிக்காரனிடம் கேட்கிற கேள்வியா அம்மா இது? டெலவேர் கடையில் வரி பிடிக்க மாட்டார்கள், உண்மை. ஆனால் நியூஜெர்சிக்காரர் வெளியே வரி கட்டாமல் வாங்கி வந்து உள்ளே பயன்படுத்தினால், 6.625 சதவீதம் 'பயன்பாட்டு வரி' என்று மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். ஆன்லைன் கடைகள் பல வருடம் தப்பித்தன. மாநிலத்துக்குள் கடையோ ஆளோ கிடங்கோ இல்லாத வியாபாரியை வரி வசூலிக்கச் சொல்ல முடியாது என்று 1992-இல் ஒரு தீர்ப்பு இருந்தது. 2018-இல் மறுபடி அதே தெற்கு டக்கோட்டா, வேஃபேர் என்ற கடையை எதிர்த்துப் போய் 5-க்கு 4 என்று அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. அந்த மாநிலத்தில் வருமான வரி கிடையாது, விற்பனை வரியை நம்பித்தான் பிழைப்பு, விடுவார்களா? இப்போது ஆன்லைனில் பெரும்பாலும் பில்லிலேயே பிடித்துவிடுகிறார்கள். மகன் நேரில் போய் வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வருடாந்தர வருமான வரிப் படிவத்திலேயே இதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதில் பூஜ்யம் போட்டுவிடுகிறார்கள் என்று மருமகன் சொன்னார். நான் அதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.